கைநாட்டு வைத்த வாக்குமூலம்

உ
சென்ட்ரல் ஜெயில், திருச்சி
22-1-1956

அண்ணன் முத்துராமன் அவர்களுக்கும் மதினிக்கும் தம்பி ஐயனார் கும்பிட்டு எழுதுவது. நான் திடமாக இருக்கிறேன். உங்கள் எல்லோருடைய சுகத்தையும் அறிய ஆசை.

எழுத்தைப் பார்த்து யாருடையதோ என்று திகைக்க வேண்டாம். இது என் கையெழுத்துதான். இதுவரை நான் சொல்லச் சொல்ல வேறு கைதிகள் எழுதினார்கள். இரண்டு வருஷமாக இங்கே ஜெயில் பள்ளிக்கூடத்தில் உட்காருகிறேன். பகலெல்லாம் நெசவுக்கூடம், நாலு மணிக்கு மேல் சிலேட்டு. எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவன் மூன்று ஊரில் கன்னம் வைத்துத் திருடியவன். 'ணை' போடச் சொன்னால் அவனுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. வாத்தியார் எங்களை அடிப்பதே இல்லை. திருப்பி அடித்துவிடுவோமோ என்ற பயமாக இருக்கும்.

அண்ணே, எழுத்து வந்ததும் முதலில் எழுத நினைத்தது இதைத்தான். கண்மாய் மடையில் தண்ணீர் முறைக்காக நடந்த சண்டையில் ஆண்டியப்பனைக் கொன்றது நான். காலையில் கண் விழித்ததும் அவன் முகம்தான் எதிரே நிற்கிறது. என் பெண்டாட்டி செவந்தி, ஆண்டியப்பன் பெண்சாதி முத்தாளிடம் போய், எனக்காகக் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். இதைச் செவந்திக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டுங்கள்.

இன்னொன்று. குழந்தை கண்ணாத்தாளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும், செவந்தியும் அவளோடு உட்கார்ந்து நாலு எழுத்துப் படிக்கட்டும். முப்பது வயசில் எனக்கு வந்தது அவளுக்கு வராதா? என் பெண்டாட்டி பிள்ளையை உங்கள் வீட்டில் வைத்துக் காப்பாற்றுகிறீர்கள். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

உங்கள் தம்பி
ஐயனார்

மேலக்கரைப்பட்டி, அரிமளம் வழி
9-2-1956

அன்புத் தம்பி ஐயனாருக்கு அண்ணன் முத்துராமன் ஆசி சொல்லி எழுதியது. இங்கே ஆடு மாடு உட்பட எல்லோரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. செவந்திக்குப் படித்துக் காட்டினேன். "இது அவுக எழுத்தா?" என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். முத்தாள் விஷயத்தையும் சொன்னேன். "அவ மொகத்துல முழிக்க எனக்குத் தெம்பில்ல" என்று சொல்லிவிட்டாள். நானும் வற்புறுத்தவில்லை.

ஆண்டியப்பன் பேச்சை இனிக் கடிதத்தில் எழுதாதே. அங்கே அதிகாரிகள் படித்த பிறகுதான் தபாலுக்கு வருகிறது. நடந்தது நடந்துவிட்டது. கிளறினால் உனக்குத்தான் வலி. படிப்பும் அளவோடு இருக்கட்டும், கண் கெட்டுவிடும். செவந்திக்கு எழுத்து எதற்கு? வீட்டில் படித்துச் சொல்ல நான் இருக்கிறேன். உன் கடிதங்களைப் பத்திரமாக உத்தரத்துக் கம்பியில் குத்தி வைத்திருக்கிறேன்.

கண்ணாத்தாளை ஆனி மாதம் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறோம். மதினி உன்னை விசாரித்தாள்.

இப்படிக்கு
முத்துராமன்

திருச்சி ஜெயில்
15-4-1956

அண்ணன் அவர்களுக்கு ஐயனார் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மற்றபடி சௌக்கியம். மாடுகளுக்கு வைக்கோல் போதுமா?

எங்கள் பிளாக்கில் இப்போது நான்தான் பேப்பர் படிக்கிறவன். சாயங்காலம் அறுபது பேர் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள். மனு எழுதுகிறவனும் நானே. "ஐயனாரு, எனக்கு ஒண்ணு எழுதிக் குடுப்பா" என்று வரிசையில் நிற்கிறார்கள். நம் ஊரில் என்னை யாராவது இப்படிக் கூப்பிட்டிருப்பார்களா? வெட்கமாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது.

மனு எழுத ஒவ்வொருவன் கேஸ் கட்டையும் படிக்க வேண்டியிருக்கிறது. பத்துப் பேர் கட்டைப் படித்துவிட்டேன். என் கட்டை மட்டும் நான் பார்த்ததே இல்லை. அதைச் சொல்லி, கூடப் படிக்கிற முனியசாமி என்னைக் கேலி செய்கிறான். வக்கீல் கொடுத்த கட்டு உங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கும். அனுப்பி வையுங்கள்.

அன்றைக்கு ஸ்டேஷனில் கட்டைவிரலை உருட்டினேனே, அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "கேட்டதுக்கெல்லாம் ஆமாங்கய்யான்னு சொல்லு, வெரல உருட்டு, தண்டனை கொறையும்" என்று சொன்னீர்கள். அப்படியே செய்தேன். எதில் கைநாட்டு வைத்தேன் என்று ஒரு தடவை என் கண்ணால் படித்துப் பார்க்க ஆசை. வேறொன்றும் இல்லை.

செவந்தி ஏன் ஒரு தடவைகூடப் பார்க்க வரவில்லை? கோபமா?

ஐயனார்

மேலக்கரைப்பட்டி
20-6-1956

தம்பி ஐயனாருக்கு அண்ணன் முத்துராமனின் ஆசிகள். எல்லோரும் சுகமே. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை நெருக்கடி.

கேஸ் கட்டைத் தேடினேன். கறையான் அரித்து மண்ணாகிவிட்டது. அள்ளி வெளியே கொட்டினோம். அது எதற்கு உனக்கு? நல்ல பையன் என்று பேர் எடுத்தால் ஜெயில் போர்டில் சிபாரிசு செய்து சீக்கிரம் விடுவார்கள். மனு கினு என்று கிளம்பினால் இருக்கிற பேரும் போய்விடும். விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டுத்தான் சொல்கிறேன்.

அடுத்தவனுக்கு எழுதுவதையும் குறைத்துக்கொள். நீ அங்கே நிம்மதியாக இருந்தால்தான் இங்கே செவந்தியும் பிள்ளையும் நிம்மதியாக இருக்க முடியும். அவர்கள் என் கூரைக்குக் கீழே இருக்கிறார்கள் என்பதை மனசில் வைத்துக்கொள். செவந்திக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஜெயில் வாசலில் பொம்பளை வந்து நிற்பது நம் குடும்பத்துக்கு அழகா?

முத்துராமன்

திருச்சி ஜெயில்
8-7-1956

அண்ணன் அவர்களுக்கு ஐயனார் வணங்கி எழுதுவது. நலமாக இருக்கிறேன். கண்ணாத்தாள் பள்ளிக்கூடம் போகிறாளா? அழுகிறாளா?

கறையான் தின்றது போகட்டும் அண்ணே. அதற்காக நீங்கள் மனசு சங்கடப்பட வேண்டாம். ஜெயிலர் ஐயாவிடம் சொன்னேன். கோர்ட்டுக்கு எழுதினால் நகல் கிடைக்கும் என்றார். நானே விண்ணப்பம் எழுதினேன். "யாருடா எழுதினது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். நம்பவில்லை, எதிரில் உட்கார வைத்து மறுபடி எழுதச் சொன்னார். எழுதிக் காட்டியதும் முதுகில் தட்டினார். இரண்டு மாதத்தில் எல்லா நகலும் வந்துவிடுமாம்.

உங்களிடம் முதலில் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஐயனார்

மேலக்கரைப்பட்டி
12-7-1956

தம்பி ஐயனாருக்கு,

கடிதம் இன்று காலைதான் வந்தது. உடனே பதில் எழுதுகிறேன். என்னென்ன நகல் கேட்டிருக்கிறாய்? தீர்ப்பு மட்டுமா, எல்லாமுமா? விண்ணப்பத்தைத் திருப்பி வாங்க முடியுமா என்று விசாரி. என்னைக் கேட்காமல் ஏன் செய்தாய்? ஆடி பிறந்ததும் நேரில் வருகிறேன். அதுவரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே.

செவந்தி கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலில் அடி. படுத்திருக்கிறாள். பயப்பட ஒன்றும் இல்லை. அந்தக் கிணற்றுப்படி எப்போதுமே பாசி பிடித்ததுதான், உனக்கே தெரியும்.

முத்துராமன்

(கோடு போட்ட நோட்டில் எழுதியது, தபாலில் சேர்க்காதது)
16-9-1956

செவந்திக்கு,

நல்லா இருக்கிறாயா? கால் எப்படி இருக்கிறது? இதை நான் அனுப்பப் போவதில்லை. அனுப்பினால் அண்ணன் கையில்தான் போய்ச் சேரும். உன் அண்ணன் ரெங்கசாமிக்கு எழுதலாம் என்றால் அவனுக்கும் எழுத்துத் தெரியாது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் அவன் ஊரில் கடிதம் வந்தால் டீக்கடையில் வைத்து உரக்கப் படிப்பார்கள். மறுநாள் சேதி பஸ் ஏறி அரிமளத்துக்கு வந்துவிடும். ஆனாலும் யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

நகல் வந்தது. தீர்ப்பு இங்கிலீஷில் இருக்கிறது. என் வாக்குமூலமும் பிரேத விசாரணை ரிப்போர்ட்டும் தமிழில். ரிப்போர்ட்டை முதலில் படித்தேன். வலது தோளில் தடியால் அடித்த வீக்கம். கழுத்தின் இடது பக்கம் அரிவாள் வெட்டு, நாலு விரல் நீளம், உயிர் போனது அதனால்தான் என்று போட்டிருக்கிறது. எழுத்துக் கூட்டுவதில் தப்பு வந்துவிட்டதோ என்று ஏழு தடவை படித்தேன். பிறகு முனியசாமியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவனும் அரிவாள் என்றுதான் படித்தான்.

என் கையில் அரிவாளே இல்லை செவந்தி. மண்வெட்டிக் கணையால், வெறும் மரப்பிடியால், தோளில் ஒரு போடு போட்டேன். அவன் கரையில் சாய்ந்தான். பயந்துபோய் வீட்டுக்கு ஓடி வந்தேன். நான் வந்த பிறகு அங்கே நின்றது அண்ணன். பஞ்சாயத்தில் அவரைத் தண்ணீர்த் திருடன் என்று சொன்னவன் ஆண்டியப்பன். அந்தக் காய்ச்சல் அண்ணனுக்கு ஆறவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து, "ஒன் அடியில அவன் போயிட்டான்டா" என்றார். நம்பினேன். கோர்ட்டில் இங்கிலீஷிலேயே பேசினார்கள், அரிவாள் பேச்சே எனக்கு விளங்கவில்லை. வாக்குமூலத்தில் நான் அரிவாளால் வெட்டியதாக எழுதி, கீழே என் கட்டைவிரல் ரேகை இருக்கிறது.

போன மாதம் அண்ணன் வந்து கம்பி வலைக்கு அப்பால் நின்றார். என் முகத்தைப் பார்க்காமல், "காயிதம் வந்துச்சா?" என்று மூன்று தடவை கேட்டார். அப்போது வரவில்லை, இல்லை என்றேன்.

இப்போது மனுப் போட்டால் விசாரணைக்கு முதலில் வீட்டுக்குத்தான் ஆள் வரும். அந்த வீட்டில் நீயும் பிள்ளையும் இருக்கிறீர்கள். சாய்ந்து கிடந்தவன் கழுத்தில் வெட்டத் துணிந்த ஆளும் அங்கேதான் இருக்கிறார். உங்களை வெளியே கொண்டுவராமல் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

திருச்சி ஜெயில்
20-9-1956

அண்ணன் அவர்களுக்கும் மதினிக்கும் ஐயனார் பணிவாக எழுதுவது. நீங்கள் வந்து பார்த்துவிட்டுப் போனது எனக்கு மிகுந்த ஆறுதல். செவந்திக்குக் கிணற்றடியில் பட்ட காயம் ஆறிவிட்டதா?

நகல் வந்தது அண்ணே. எல்லாம் இங்கிலீஷ். ஒரு எழுத்தும் புரியவில்லை. நீங்கள் சொன்னது சரிதான், வீண் வேலை. மூட்டை கட்டிப் போட்டுவிட்டேன்.

கண்ணாத்தாளுக்கு இன்னும் காது குத்தவில்லை என்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. நான் உள்ளே வந்ததால் தள்ளிப்போய்விட்டது. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும்? செவந்தியையும் பிள்ளையையும் ரெங்கசாமி மச்சான் வீட்டுக்கு அனுப்பி, அவர்கள் குலசாமி கோயிலில் குத்திக்கொண்டு, ஒரு மாதம் இருந்துவிட்டு வரச் சொல்லுங்கள். தாய்மாமனை விட்டுவிட்டோம் என்று நாளைக்கு ஊர் பேசக் கூடாது.

ஐயனார்

மேலக்கரைப்பட்டி
2-11-1956

தம்பி ஐயனாருக்கு அண்ணன் முத்துராமன் எழுதியது. மழை நன்றாகப் பெய்து கண்மாய் பெருகிவிட்டது. எல்லோரும் சுகம்.

உன் விருப்பப்படியே காதுகுத்தை முடித்துவிட்டேன். ஆனால் அங்கே அனுப்பவில்லை. ரெங்கசாமியை இங்கே வரவழைத்து, அவன் மடியிலேயே வைத்துக் குத்தினோம். ஊர் வாயை அடைத்தாயிற்று. பிள்ளையை ஆசையாகக் கூட்டிப் போகிறேன் என்றான், சரி என்று அவளை மட்டும் அனுப்பினேன். செவந்திக்குக் கால் இன்னும் தேறவில்லை. பஸ்ஸில் ஏறி இறங்க முடியாது. அவள் இங்கேதான் இருப்பாள்.

நகல் எல்லாம் இங்கிலீஷ் என்று எழுதியிருந்தாய். போலீஸ் வாக்குமூலத்தைத் தமிழில்தானே எழுதுவார்கள், ஐயனார்? எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் பக்கத்திலேயே நின்றேன்.

நன்றாக யோசித்துப் பதில் எழுது.

முத்துராமன்

மேலக்கரப்பட்டி
18-11-1956

கண்ணாத்தா அப்பாவுக்கு செவந்தி எழுதுறது. நல்லா இருக்கீங்களா. நான் இருக்கேன்.

இது என் எழுத்து. தப்பு இருந்தா சிரிக்காதீங்க. புள்ள சிலேட்டுல எழுதயில நானும் பக்கத்துல குந்தி அடுப்புக் கரியால தரையில எழுதுவேன். மூத்தவர் வந்தா காலால அழிச்சிருவேன். எனக்குப் படிக்கத் தெரியும்னு அவருக்குத் தெரியாது.

அவர் வயலுக்குப் போனப்ப கம்பியில இருந்த ஒங்க காயிதத்தையெல்லாம் எறக்கினேன். படிச்சு முடிக்க நாலு நாளாச்சு. நீங்க எழுதினது ஒண்ணு, அவர் எனக்குப் படிச்சுக் காட்டினது வேற ஒண்ணு. முத்தாக்கிட்டப் போகச் சொன்னத அவர் என்கிட்டச் சொல்லவே இல்ல.

ஆண்டியப்பனக் கொன்னது நாந்தான்னு எழுதியிருக்கீங்க. அன்னிக்கிப் பொழுது சாயயில நீங்க வெறுங்கையோட ஓடியாந்து மூலையில உக்காந்துட்டீங்க. அதுக்குப் பெறகு அவர் வந்து மாட்டுத் தொட்டியில அருவாளக் கழுவினார். நான் கண்ணால பாத்தேன். நீங்க தெரிஞ்சேதான் அண்ணனுக்காகப் பழிய ஏத்துக்கிட்டீங்கன்னு இத்தன நாளா நெனச்சிருந்தேன். ஒங்க வார்த்தைய நான் கெடுக்கக் கூடாதுன்னு வாயத் தொறக்கல. ஒங்களுக்கே தெரியாதுன்னு இப்பத்தான் தெரியுது. பாவி நான், மூணு வருசம் சும்மா இருந்துட்டேனே.

எனக்குக் கால்ல ஒண்ணுமில்ல. நான் விழவே இல்ல. ஒங்க காயிதத்தப் பாத்துத்தான் நான் கெணத்தடியில விழுந்ததா அவர் எழுதினது எனக்கே தெரிஞ்சுது. ஊருக்குள்ளயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கார். நாளைக்கு நான் நெசமா விழுந்தா யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. தண்ணி எறைக்க நான் தனியாப் போறதில்ல.

நீங்க மனு எழுதுங்க. எங்களுக்குப் பயந்து நிறுத்தாதீங்க.

நேத்து முத்தா வீட்டுக்குப் போயி நீங்க சொன்ன மாதிரிக் கால்ல விழுந்தேன். எல்லாத்தையும் சொன்னேன். அவ குனிஞ்சு என்னத் தூக்கி விட்டா. பெறகு, "காயிதம் எழுதிக் குடு, அரிமளத்துல நான் தபால்ல போடுறேன்"னா.

செவந்தி

மேலக்கரைப்பட்டி
4-12-1956

தம்பி ஐயனாருக்கு,

செவந்தியை மூன்று நாளாகக் காணவில்லை. கிணற்றில் ஆள் இறக்கித் தேடினோம், ஊரே கூடி நின்று பார்த்தது. கிடைக்கவில்லை. அங்கே வந்தாளா? உனக்கு ஏதாவது எழுதினாளா என்று கேட்கமாட்டேன், அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கம்பியில் உன் கடிதங்கள் வரிசை மாறிக் குத்தியிருக்கின்றன.

நாளைக்குக் கந்தர்வக்கோட்டை போகிறேன். கண்ணாத்தாளைப் பார்த்து விசாரித்தால் தெரிந்துவிடும். பிள்ளைகள் பொய் சொல்லாது.

முத்துராமன்

சென்ட்ரல் ஜெயில், திருச்சி
14-12-1956

அண்ணன் முத்துராமன் அவர்களுக்கு ஐயனார் எழுதுவது.

செவந்தி வந்தாள். சந்தைக்குப் போகிற பெண்களோடு அரிமளம் வரைக்கும் நடந்து வந்து பஸ் ஏறியிருக்கிறாள். கந்தர்வக்கோட்டையில் இறங்கி, கண்ணாத்தாளையும் ரெங்கசாமி மச்சானையும் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் வழியாக இங்கே வந்து சேர்ந்தார்கள். நீங்கள் போனபோது அந்த வீடு பூட்டிக் கிடந்திருக்கும். இப்போது அவர்கள் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்பதை நான் எழுத மாட்டேன்.

செவந்தியோடு முத்தாளும் வந்திருந்தாள். கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டாள்.

"நீ எதால அடிச்சே?"

"மம்பட்டிக் கணையாலக்கா."

"எங்கிட்டு?"

"தோள்ல."

"களுத்துல?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

புருஷன் உடம்பைக் கடைசியாகக் குளிப்பாட்டியவள் அவள். எந்தக் காயம் எங்கே இருந்தது என்று அவளுக்கு யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

செவந்தி தான் பார்த்ததைச் சூப்பரின்டென்டண்ட் ஐயா முன்னால் சொன்னாள். எழுதிக் கொடுத்ததை அவளே படித்துப் பார்த்து, ஒரு வார்த்தை தப்பாக இருக்கிறது என்று திருத்தச் சொல்லிவிட்டுப் பேர் எழுதினாள். நானும் மனுவை எழுதி முடித்துவிட்டேன். திங்கட்கிழமை போகிறது. அவர்கள் என்னை விடுவார்களோ, விடமாட்டார்களோ, எனக்குத் தெரியாது. நீங்கள் அதற்குள் ஓடுவீர்களோ, வேறென்ன செய்வீர்களோ, அதுவும் தெரியாது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு நீங்கள் என்னிடம் வந்து, "தம்பி, நான் வெட்டிட்டேன், நீ ஏத்துக்கிட்டுப் போறியா?" என்று கேட்டிருந்தால் நான் போயிருப்பேன். அப்பா செத்த பிறகு எனக்குச் சோறு போட்டு வளர்த்தவர் நீங்கள். இருபது வருஷம் என்றாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். நீங்கள் கேட்கவில்லை. நான் கொலைகாரன் என்று என்னையே நம்ப வைத்தீர்கள். மூன்று வருஷம் ஒவ்வொரு நாள் காலையிலும் நான் ஆண்டியப்பனைக் கொன்றுகொண்டே எழுந்தேன். ஜெயிலைப் பொறுத்துக்கொள்வேன் அண்ணே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஐயனார்